தராசுத் தட்டுக்கு அடியில் ஒரு பொட்டு

எங்கள் வீட்டில் துப்பாக்கியைக் குறிக்கிற துவக்கு என்ற சொல்லை யாரும் வாயால் எடுக்கக் கூடாது. எடுத்தால் அம்மா கையில் அகப்படுகிற எதையாவது தூக்குவார். சித்தப்பாவை, அதாவது அப்பாவின் தம்பியை, எனக்குப் படத்தில்தான் தெரியும். மீசை முளைக்காத முகம், படத்தைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் மாலை. சண்டைக் காலத்தில் கடைக்குப் பாண் வாங்கச் சைக்கிளில் போனவர், ஒரே சூட்டோடு முடிந்துபோனார். அந்தப் படத்துக்கு நேர் கீழே இருந்துதான் நான் வீட்டுப்பாடம் செய்வேன். அதனால் ஒன்பது வயது வரைக்கும் துவக்கு என்பது யாழ்ப்பாணத்தில் மட்டும் இருக்கிற ஒரு சாமான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தாலியின் பலெர்மோவில் பிறந்து வளர்ந்த பிள்ளையின் புத்தி அவ்வளவுதான்.

அப்பா வேலை செய்த வீடு ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடற்கரைக் குடியிருப்புக்கு மேலே, மலைச்சரிவில் இருந்தது. கீழே கடலும் மீன் சாப்பாட்டுக் கடைகளும், மேலே எலுமிச்சை மரங்களும் நாங்களும். வீட்டுக்காரச் சிஞ்ஞோர் ஓய்வு பெற்ற எஞ்சினியர், மனைவியை இழந்தவர். அப்பா அவருக்குத் தோட்டக்காரர், காவற்காரர், குழாய் திருத்துகிறவர், எல்லாம். அம்மா வீடு கூட்டித் துடைத்து, உடுப்பு தேய்த்து மினுக்கினார். தோட்டத்து மூலையில் எங்களுக்கு இரண்டு அறை. எனக்கு என்ன வேலை என்று கேட்டால், மொழிபெயர்ப்பு. அப்பாவின் இத்தாலியம் "சரி சிஞ்ஞோர்", "நாளைக்கு சிஞ்ஞோர்" என்ற அளவோடு நின்றுவிட்டது. சிஞ்ஞோர் நீளமாக ஏதாவது சொல்லத் தொடங்கினால் அப்பா வாசலைப் பார்த்து, "பிள்ளை, இஞ்சை ஓடிவா" என்று கூப்பிடுவார். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிடப் பத்திரத்தைப் புதுப்பிக்க, குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோருக்குப் போகிற நாளிலும் பள்ளிக்கூடம் போகவிடாமல் மறித்து என்னைத்தான் கூட்டிப்போவார்கள். ஒப்பந்தம், சான்றிதழ், முத்திரை, கால எல்லை என்ற சொற்களெல்லாம் எனக்கு இரண்டு மொழியிலும் தண்ணீர்பட்ட பாடு. வாய்ப்பாடுதான் வராது.

எனக்கு ஓர் அண்ணாவும் உண்டு. அவரையும் நான் படத்தில்தான் பார்த்திருந்தேன், ஆனால் இது அசைகிற படம், ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசித் திரையில் வரும். முன்னரே இத்தாலிக்கு வந்திருந்த அப்பாவிடம் அம்மா வந்தபோது அண்ணாவுக்கு ஏழு வயது. அப்போது இருந்த பத்திரம் ஓர் ஆளுக்குத்தான் போதும் என்று, அவரைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு, ஒரு வருடத்தில் கூப்பிடுவோம் என்று சொல்லி அம்மா வந்தார். அந்த ஒரு வருடம் பத்து வருடமாகிவிட்டது. ஒப்பந்தம் இருக்கிற வருடத்தில் வீட்டுச் சான்று இருக்காது, வீட்டுச் சான்று கிடைக்கிற வருடத்தில் ஒப்பந்தம் முடிந்திருக்கும். இனி அதிலும் ஒரு முடிச்சு. வருகிற தை மாதத்தோடு அண்ணாவுக்குப் பதினெட்டு வயது. பதினெட்டு முடிந்தால் அவர் குழந்தை இல்லையாம், தாய் தகப்பன் கூப்பிட முடியாதாம். இதை ஒரு கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் இத்தாலியத்தில் சொல்ல, அப்பாவுக்குத் தமிழில் சொன்னது நான். அதற்குள் விண்ணப்பம் போட இரண்டு தாள் வேண்டும். ஒன்று முழுநேர வேலை ஒப்பந்தம். மற்றது, இந்த இரண்டு அறையிலும் இந்தக் குடும்பம் இருக்கலாம் என்கிற கடிதம். இரண்டிலும் சிஞ்ஞோரின் கையெழுத்து வேண்டும்.

அப்பா கேட்டார், நான் மொழிபெயர்த்தேன். சிஞ்ஞோர் கெட்ட மனிதர் இல்லை. வைக்கிறேன், கட்டாயம் வைக்கிறேன், இந்தத் துவக்கு வேலை ஒருபக்கம் முடியட்டும் என்றார். அந்தச் சொல்லை நான் தமிழில் சொல்லப் பயந்து, "இந்த வேலை" என்று மட்டும் சொன்னேன்.

அந்த ஆவணி மாதம்தான் சிஞ்ஞோர் புதிய துவக்கு வாங்கியிருந்தார். நீளமான குழல், மேலே தொலைநோக்கி. ஒவ்வோர் ஐப்பசியிலும் அவர் வடக்கே பனிமலைப் பக்கம் மலையாடு வேட்டைக்குப் போவார். அந்த ஆடு மனிதனைக் கிட்ட விடாதாம், பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் நிற்கிறதைச் சுட வேண்டுமாம். அவ்வளவு தூரத்துக்குக் கடையில் விற்கிற தோட்டா சரிவராது. ஒவ்வொரு துவக்குக்கும் ஒரு நாக்கு இருக்கிறது, அதற்குப் பிடித்த சாப்பாட்டை நாமேதான் சமைத்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்று சிஞ்ஞோர் என்னிடம் விளக்கினார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. நானும் கண்ட சாப்பாட்டைத் தின்ன மாட்டேன்.

அந்தச் சமையலுக்குத்தான் பெரிய வீட்டின் பின்னறை. மேசையில் பூட்டிய ஓர் இரும்புக் கைப்பிடி, தோட்டாவின் வெறும் பித்தளைக் கோதுகள் அடுக்கிய தட்டுகள், அவற்றின் வாயில் பூட்டுகிற கூர்மூக்குச் சன்னங்கள், வெடிமருந்துப் போத்தல், ஒரு சின்னத் தராசு. கோதும் சன்னமும் ஒரே வகை, மருந்தின் அளவு மட்டும் மாறும். ஒரே அளவில் ஐந்து, அதற்குச் சற்றுக் கூட்டி ஐந்து, இன்னும் சற்றுக் கூட்டி ஐந்து. ஒவ்வோர் ஐந்துக்கும் சீட்டு எழுதி ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை ஒரு சிநேகிதரின் கைவிட்ட கல்லுக்குழிக்குக் கொண்டுபோய், தூரத்தில் தாள் கட்டிச் சுட்டுப் பார்க்க வேண்டும். எந்த ஐந்து ஓட்டையும் ஒன்றோடொன்று ஒட்டி விழுகிறதோ அதுதான் அந்தத் துவக்கின் அளவு. ஒரு கிராமைப் பதினைந்தாகப் பிரித்து, அதில் ஒரு பங்கைத் திரும்பப் பத்தாகப் பிரித்து நிறுக்கிற வேலை. அதில்தான் சிஞ்ஞோருக்குத் தடங்கல். அவருடைய கை நடுங்கத் தொடங்கியிருந்தது. கோப்பிக் கோப்பையைத் தூக்கினால் பாதி கீழே பீரிசுத் தட்டில் நிற்கும். மகளுக்குத் தெரிந்தால் துவக்கு உரிமத்தைப் பறித்துப் பொலிசில் கொடுத்துவிடுவாள் என்று அவருக்குப் பயம். மணல் மூட்டையில் சாத்தி வைத்துச் சுடலாம், ஆனால் மருந்தை மணல் மூட்டையில் சாத்தி நிறுக்க முடியாது.

ஆகவே ஒருநாள் அப்பாவைக் கூப்பிட்டு, கையை நீட்டு என்றார். அப்பா நீட்டினார். ரோசாச்செடி ஒட்டுகிற அந்தக் கை அசையவே இல்லை. உரிமம் இல்லாத ஒருவர் அந்த மருந்தைத் தொடுவதே குற்றம் என்று சிஞ்ஞோருக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். யாரும் அறியத் தேவையில்லை என்றார் சிஞ்ஞோர். இதையும் நான்தான் தமிழில் சொன்னேன். அப்பா சித்தப்பா படம் இருக்கிற எங்கள் அறைப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, "சரி எண்டு சொல்லு" என்றார்.

அன்றைக்கு அம்மா போட்ட சண்டை எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது. "உங்கட தம்பியைத் திண்ட சாமானை உங்கட கையாலை செய்யப் போறியளோ? வெக்கமாயில்லையோ?"

"ஆட்டுக்குத்தானே."

"ஆட்டுக்கெண்டு ஆர் கண்டது? அது போற வழி உங்களுக்குத் தெரியுமோ?"

"அப்ப பெடியனை என்ன செய்யச் சொல்லுறீர்? தை பிறக்கப் போகுது. நீர் ஒரு வழி சொல்லும், நான் கேக்கிறன்."

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பினார். அடுப்பில் இருந்த கறியை அளவுக்கு மேல் கிண்டினார். அதற்குப் பிறகு, பின்னறையிலிருந்து வருகிற அப்பாவைக் கை கால் கழுவாமல் வீட்டுக்குள் விடுவதில்லை. அப்பாவும் சவுக்காரம் போட்டு முழங்கை வரைக்கும் தேய்ப்பார். செத்த வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரித்தான் உள்ளே வருவார். பிறகு சாப்பாட்டில் கை வைத்துவிட்டு, சாப்பிடாமல் எழும்புவார்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. தடித்த புத்தகத்திலிருந்து எண்களை வாசித்து அப்பாவுக்குச் சொல்வது நான். வாசலுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் வாசிக்க வேண்டும், உள்ளே காலடி வைக்கக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. அப்பா முதலில் வெறும் தட்டைத் தராசில் வைப்பார். ஊசி கோட்டில் நிற்கிறதா என்று பார்த்து, நிற்காவிட்டால் அடியிலுள்ள திருகாணியைத் திருகி நிறுத்துவார். பிறகு சின்னக் கரண்டியால் மருந்தைத் தட்டி, கடைசி இரண்டு மூன்று மணியை விரல் நுனியால் போடுவார். பத்துத் தோட்டாவுக்கு ஒருதரம் வெறும் தட்டைத் திரும்ப வைத்து ஊசியைப் பார்ப்பார். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அவருடைய சுபாவம் அது. கோவிலில் தீர்த்தம் கொடுக்கிறவர்கூட அவ்வளவு பக்குவமாகக் கொடுத்து நான் கண்டதில்லை.

ஆனால் தாளில் ஓட்டைகள் ஒட்டவில்லை. ஒரு ஞாயிறு உள்ளங்கை அகலம், அடுத்த ஞாயிறு அதைவிடக் கொஞ்சம் குறைவு. சிஞ்ஞோர் அளவைக் கூட்டிக்கொண்டே போனார். புரட்டாசி முடிகிற நேரம், புத்தகத்தில் இதற்கு மேல் போகக் கூடாது என்று சிவப்புக் கோடு போட்டிருந்த இடத்துக்கு வந்துவிட்டார். அந்த அளவில் சுட்டபோது நான்கு ஓட்டை ஒன்றாகவும் ஒன்று தள்ளியும் விழுந்தன. இதுதான், இதேதான் என்று குதித்தார். இதே அளவில் இருபது தோட்டா செய்து, வருகிற ஞாயிறு சரிபார்த்துவிட்டால் வேலை முடிந்தது, அன்றைக்கே கையெழுத்து என்றார். புதன்கிழமை வடக்கே போகப் பயணச்சீட்டும் எடுத்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் சரஸ்வதி பூசை. என் புத்தகங்கள், அம்மாவின் மினுக்குப்பெட்டி, அப்பாவின் கத்தரி, மண்வெட்டி எல்லாம் சாமிப்படத்துக்கு முன்னால். ஒவ்வொன்றிலும் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். அவலும் கடலையும் தின்றுகொண்டே நான் கேட்டேன்:

"அம்மா, அப்பாவின்ர தராசை ஏன் வைக்கேல்லை?"

"அது எங்கட சாமானில்லை. வாயை மூடிக்கொண்டு தின்."

"அதாலைதானே அண்ணா வரப் போறார்?"

அம்மா விளக்குத் திரியைத் தூண்டினார். எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. மண்வெட்டிக்குப் பொட்டு, துணி மினுக்குகிற பெட்டிக்குப் பொட்டு, குடும்பத்தின் தலையெழுத்தையே நிறுக்கிற தராசுக்கு ஒன்றும் இல்லை. பிறகு எப்படி ஐந்து ஓட்டையும் ஒட்டும்? பூசையில் வைத்த கருவியை அடுத்த நாள் எடுத்துத் தொடங்கினால் தொட்டதெல்லாம் துலங்கும் என்று சொல்லித் தந்ததும் இதே அம்மாதான்.

சனிக்கிழமை காலை அம்மா பெரிய வீட்டைக் கூட்டப் போனபோது நானும் பின்னால் போனேன். முதல் நாள் மிஞ்சிய சந்தனத்தையும் குங்குமத்தையும் ஒரு வெற்றிலையில் மடித்துக் கைக்குள் வைத்திருந்தேன். சிஞ்ஞோர் கடைக்குப் போயிருந்தார். பின்னறையைக் கூட்டி முடித்த அம்மா, வாளித் தண்ணீரை மாற்றக் குசினிப் பக்கம் போனார். கதவு திறந்தபடி. நான் உள்ளே போனேன். சிஞ்ஞோர் எல்லாவற்றையும் எந்நேரமும் துணியால் துடைக்கிற ஆள், வெளியே தெரிகிற மாதிரிப் பொட்டு வைத்தால் அரை மணி நேரம்கூடத் தங்காது. ஆகவே தராசுத் தட்டை எடுத்துக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் வைத்தேன். சாமிக்குத் தெரிய வேண்டும் என்று கொஞ்சம் பெரிதாகவே, தடிப்பாகவே வைத்தேன். நடுவில் குங்குமம். கண்ணை மூடி, ஐந்தும் ஒன்றாய் விழவேணும், அண்ணா வரவேணும் என்று கும்பிட்டுவிட்டு, தட்டை இருந்த மாதிரியே வைத்துவிட்டு வந்தேன். அம்மா வாளியோடு திரும்பியபோது நான் முற்றத்தில் பூனைக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் அப்பா தோட்டா செய்ய இருந்தார். நான் வழக்கம்போல வாசலில். வெறும் தட்டை வைத்தபோது ஊசி கோட்டில் நிற்கவில்லை. கூட்டித் துடைக்கையில் மேசை அசைந்திருக்கும் என்று அப்பா நினைத்திருப்பார். திருகாணியைத் திருகி ஊசியை நிறுத்தினார். பொட்டு வேலை செய்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசப் புளுகம். சிஞ்ஞோரோ அன்றைக்குத் தலைக்கு மேல் நின்றார். புதன்கிழமைப் பயணம், மூட்டை கட்ட வேண்டும், இன்னும் முடியவில்லையா, இன்னும் முடியவில்லையா என்று காலை மாற்றி மாற்றி நின்றார். பத்து முடிந்ததும் அப்பா வெறும் தட்டை வைத்துப் பார்க்கப் போனார். அதெல்லாம் வேண்டாம், நேரமில்லை என்று சிஞ்ஞோர் மருந்துக் கரண்டியை அவர் கையில் திணித்தார். அப்பா ஒரு கணம் தயங்கிவிட்டு, மிச்சப் பத்தையும் நிறுத்து முடித்தார்.

நடந்தது என்ன என்று எனக்குப் பௌதிகம் படிக்கிற வயதில்தான் விளங்கியது. பொட்டோடு சேர்த்துத்தான் அப்பா ஊசியை நிறுத்தினார். மருந்தைக் கொட்டக் கொட்ட, தட்டைத் தட்டத் தட்ட, காய்ந்த சந்தனம் எப்போதோ உதிர்ந்தது. தட்டு அந்த அளவுக்கு இலேசாகிப் போனது. அந்தக் குறையை நிரப்ப அந்தளவு மருந்து கூடப் போனது. வேறு ஒரு நாளென்றால் ஓட்டை கொஞ்சம் தள்ளி விழுவதோடு போயிருக்கும். இது ஏற்கெனவே சிவப்புக் கோட்டில் நின்ற அளவு. அதற்கு மேல் ஒரு குழந்தையின் பொட்டளவு.

ஞாயிற்றுக்கிழமை அப்பா மணல் மூட்டை தூக்கக் கூடப் போனார். நான் வீட்டில். மத்தியானம் சிநேகிதரின் கார் வந்து நின்றது. அப்பா மட்டும் இறங்கினார். போட்டிருந்த சேட்டின் முன்பக்கமெல்லாம் இரத்தம். அம்மா ஐயோ என்று கத்திக்கொண்டு ஓடினார். "எனக்கில்லை, எனக்கில்லை" என்று அப்பா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பன்னிரண்டாவது தோட்டாவில் புகையும் நெருப்பும் குழல் வழியாகப் போகாமல் பின்பக்கமாக வந்ததாம். பாதுகாப்புக் கண்ணாடி மூச்சுப் பட்டுப் புகார் பிடிக்கிறது என்று சிஞ்ஞோர் கழற்றி வைத்திருந்தாராம். வலது கண். ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வருகிறார்கள்.

அப்பா கை கழுவாமல் நேரே பின்னறைக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் உள்ளே இருந்தார். வெளியே வந்தபோது அவருடைய கை நனைந்திருந்தது. படியில் இருந்த என்னிடம் வந்து, என் நெற்றியில் அம்மா வைத்த சந்தனப் பொட்டை ஈரப் பெருவிரலால் துடைத்தார். "வேர்த்துக் கிடக்கு" என்றார். பிறகு, "சாப்பிட்டனியோ?" என்று கேட்டார். நான் ஓம் என்றேன்.  வேறு யாரும் என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. பொட்டுக்கும் கண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது, சாமி அப்படிச் செய்யாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சிஞ்ஞோரின் மகள், நாங்கள் சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிறவர், வந்தார். நகரத்து நடுவில் பொலிதேயாமாப் பக்கம் கந்தோர் வைத்திருக்கிற சட்டத்தரணி. தகப்பனின் கண் போய்விட்டது. தோட்டாவைத் தானே செய்ததாக ஆஸ்பத்திரியில் சிஞ்ஞோர் பொலிசுக்குச் சொல்லியிருந்தார், அதை மகள் நம்பவில்லை. கோப்பையைப் பிடிக்க முடியாத கையை அவர் ஆஸ்பத்திரியில் கண்டுவிட்டார், அந்தக் கை எப்படி மருந்து நிறுக்கும்? பின்னறை வாசலில் அப்பாவை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டார். வேகமாகப் பேசினார். அப்பா திரும்பிப் பார்த்து என்னைக் கூப்பிட்டார், வழக்கம்போல. வேறு ஆள் ஏது?

முதல் கேள்வி, மருந்தை நிறுத்தது நீயா. அப்பா ஓம் என்றார், நான் ஓம் என்றேன். இருபதும் ஒரே அளவா. அப்பா நிலத்தைப் பார்த்தார். பிறகு சிஞ்ஞோரா என்னைப் பார்த்தார். கொஞ்சம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். இந்தப் பெண் பிள்ளை இந்த அறைக்குள் வருகிறதா? ஏதாவது தொட்டதா? அப்படியென்றால் இப்போதே சொல், அது வேறு விஷயம், அதற்கு வேறு ஆட்கள் வந்து விசாரிப்பார்கள்.

கேள்வி என்னைப் பற்றியது. ஆனால் மொழிபெயர்ப்பாளர் எதையும் விடக் கூடாது. "அப்பா, நான் அறைக்குள்ளை வந்தனானோ எண்டு கேக்கிறா. ஏதும் தொட்டனானோ எண்டும் கேக்கிறா. அப்பிடியெண்டால் வேறை ஆக்கள் வந்து விசாரிப்பினமாம்."

அப்பா என்னைப் பார்க்காமல் சிஞ்ஞோராவையே பார்த்துக்கொண்டு சொன்னார். "இல்லையெண்டு சொல்லு. பிள்ளை ஒருநாளும் உள்ளுக்குள்ளை வந்ததில்லை. பிழையாய் நிறுத்தது நான். என்ர கைப்பிழை எண்டு சொல்லு."

சொன்னேன். தெளிவாக, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னேன். என் தகப்பன் பிழையாக நிறுத்தார், அவருடைய கைப்பிழை. அப்போது எனக்கு வந்த நிம்மதியை மறைக்க முடியாது. பிழை அப்பாவுடையதுதானாம், அவரே சொல்கிறாரே, பெரியவர்கள் தெரியாமலா சொல்வார்கள்? மாத முடிவுக்குள் அறையைக் காலி செய்யுங்கள், இனி எந்தத் தாளிலும் யாரும் கையெழுத்து வைக்க மாட்டார்கள் என்று சிஞ்ஞோரா சொன்னதையும் அதே மூச்சில் தமிழாக்கினேன். அப்பா "சரி சிஞ்ஞோரா" என்றார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பல்லரோச் சந்தைக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் ஓர் அறை கிடைத்தது. அப்பா பகலில் சாப்பாட்டுக் கடையொன்றில் கோப்பை கழுவினார். ஒப்பந்தம் இல்லை, வீட்டுச் சான்றும் இல்லை. தை வந்தது, அண்ணாவுக்குப் பதினெட்டு வயது வந்தது. இப்போது அவருக்கு முப்பதைத் தாண்டிவிட்டது, ஊரில் ஓட்டோ ஓட்டுகிறார். அம்மாவோடு கதைப்பார், என்னோடு கதைப்பார். பின்னால் அப்பாவின் குரல் கேட்டால், சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவார். கலியாணத்துக்கும் தாய்க்கு மட்டும்தான் சொன்னார். பிள்ளையைக் கூப்பிடுகிற நேரம் பார்த்துக் கவலையீனமாய் இருந்த மனிசன் என்பது அவருடைய முடிவு.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுது, மூக்குச் சிந்தி, வெற்றிலை வரைக்கும் சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். பிறகு, "உன்ர அப்பாவுக்கு அண்டைக்கே தெரியும்" என்றார். "தட்டைப் பிரட்டிப் பாத்தவராம். பாதிப் பொட்டு அப்பிடியே ஒட்டிக்கொண்டு கிடந்ததாம். அதைச் சுரண்டிக் கழுவிப்போட்டுத்தான் வெளியாலை வந்தவர். சின்னப் பிள்ளையின்ர விளையாட்டு எண்டு சொல்லியிருந்தால் சிஞ்ஞோர் மன்னிச்சிருப்பார், கையெழுத்தும் வைச்சிருப்பார். நான் காலிலை விழுந்து சொன்னன், சொல்லுங்கோ எண்டு. துவக்கு இருந்த அறைக்குள்ளை பிள்ளை போனதெண்டால் அரசாங்கத்து ஆக்கள் வந்து பிள்ளையைக் கொண்டுபோயிடுவாங்கள், கண்டவன் வீட்டிலை வளக்கக் குடுத்திடுவாங்கள், ஒரு பிள்ளையை ஊரிலை விட்டது போதும் எண்டிட்டார்." அப்படி நடந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. அப்பாவிடம் நான் இதுவரை கேட்கவில்லை. கேட்டால், "என்ன பொட்டு?" என்பார்.

முன்பு, சிஞ்ஞோரா வந்து போன அந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அண்ணா அழைத்தார். அம்மா எடுத்தார். சாப்பிட்டியோ, காய்ச்சல் மாறிட்டுதோ என்று இரண்டு கேள்வி கேட்டார். பிறகு தொலைபேசியை அப்பாவிடம் நீட்டினார். அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். திரையில் அண்ணாவின் முகம் சிரித்துக்கொண்டிருந்தது, மீசை வைக்கத் தொடங்கியிருந்தார். கையெழுத்து வைச்சாச்சோ அப்பா, எப்ப அப்பா என்று கேட்டது எனக்கும் கேட்டது. அப்பா திரையை என் பக்கம் திருப்பினார். பிறகு என்னிடம் தந்து, "நீ சொல்லு பிள்ளை" என்றார்.

அண்ணாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் எதற்கு என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கு அந்த வசனம் பாடமாக இருந்தது. இத்தாலியத்தில் ஒருமுறை சொல்லிப் பழகியதால் தமிழில் தடக்காமல் வந்தது.

"இல்லை அண்ணா, சிஞ்ஞோர் இனிக் கையெழுத்து வைக்கமாட்டாராம். அப்பா பிழையாய் நிறுத்துப்போட்டார். சிஞ்ஞோருக்குக் கண் போயிட்டுது. அப்பாவின்ர கைப்பிழை."

அண்ணாவின் சிரிப்பு அப்படியே நின்றது. திரை உறைந்துவிட்டது என்று நினைத்துத் தொலைபேசியை ஆட்டிப் பார்த்தேன். "அப்பாவோ?" என்று கேட்டார். "அப்பாவோ பிழை விட்டவர்?"

நான் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தேன். அவர் ஓம் என்று தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு என் தலையைத் தடவினார், உச்சியிலிருந்து பிடரி வரைக்கும், மெதுவாக. நல்லாய்ச் சொன்னாய் என்றுதான் தடவுகிறார் என்று நினைத்தேன். அதனால் இன்னும் கொஞ்சம் சத்தமாக, இன்னொரு முறையும் சொன்னேன்.